பன்றி நிற்க வேண்டிய இடம்

எங்கள் மொன்ரெதோன் கோயிலில் வனத்து அந்தோனியார் படம் ஒன்று இருந்தது. என் மாமியார் பிறப்பதற்கு முன்பே வரைந்தது. மலை ஈரத்தில் பலகை ஊறி, புனிதரின் தாடி பாதி உதிர்ந்து, கடைசியில் அவர் கையிலிருந்த மணியும் காலடியில் நின்ற பன்றியும்தான் மிச்சம். பன்றிக்கும் மூக்கு இல்லை. மூக்கு இருந்த இடத்தில் மரம் வழவழவென்று குழிந்து போயிருந்தது. யார் வீட்டுப் பன்றிக்குச் சுகமில்லை என்றாலும் விரலில் கொஞ்சம் கொழுப்பைத் தொட்டுக்கொண்டு வந்து அந்த இடத்தில் தடவிவிட்டுப் போவார்கள். அந்தோனியாரிடம் நேராகக் கேட்பதைவிட அவருடைய பன்றியிடம் சொல்லி அனுப்பினால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் எண்ணம்.

என் புருஷன் போன்ஸ் அங்கே கோயில்பிள்ளை. மணி அடிப்பது அவர். கூட்டுவது, துடைப்பது, பீடத்துணி வெளுப்பது, எலி அடிப்பது எல்லாம் நான். அதனால் இந்தப் படத்தின் விஷயத்தில் நடந்ததில் முக்கால்வாசி என் துடைப்பத்துக்கு முன்னால்தான் நடந்தது.

ஒரு குளிர்காலத்தில் அந்தப் பலகை நடுவில் பிளந்து விழுந்தது. புதுப்படம் வைக்க வேண்டும் என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மணியக்காரர் கால்செரான் மட்டும் எழுந்து நின்று, முழுச்செலவும் என்னுடையது என்றார். எங்கள் பிரபு பார்சலோனாவில் இருந்தார், வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். அவருக்குப் பதிலாக எங்களிடம் தானியம் அளப்பதும் கோழி பிடிப்பதும் அதட்டுவதும் கால்செரான்தான். அப்படிப்பட்டவர் தாமாகக் கொடுக்கிறார் என்றதும் சாமியாருக்கே சந்தேகம் வந்து, என்ன வேண்டுதல் என்று கேட்டார். வேண்டுதல் ஒன்றும் இல்லை, படத்தில் புனிதரின் காலடியில் தானும் கைகூப்பி மண்டியிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார் மணியக்காரர்.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. பணம் போட்டவர்கள் படத்தின் ஓரத்தில் மண்டியிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். தப்பு பலகையில் இருந்தது.

மன்ரேசாவிலிருந்து பெரோட் மேஸ்திரி சாம்பல் புதன் கழிந்த வாரம் கழுதை மேல் பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பீடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த மாடத்துக்கு ஏற்ற அளவு, ஒடுக்கமான படம். பலகையில் சுண்ணச்சாந்து பூசி, கரிக்கோட்டில் உருவத்தைப் போட்ட பிறகு மணியக்காரரையும் சாமியாரையும் கூப்பிட்டார். நான் பக்கத்தில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"நடுவுல அந்தோனியாரு. இந்தப் பக்கம் எப்பவும் அவரோட போடுற நெருப்பு. அந்தப் பக்கம் ஒரு முழம் இடம் இருக்கு. அதுல நீங்க மண்டி போடலாம், இல்ல பன்னி நிக்கலாம். ரெண்டு பேருக்கும் எடம் பத்தாது," என்றார் மேஸ்திரி.

"அப்ப பன்னிய எடுத்துரு," என்றார் மணியக்காரர்.

சாமியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பன்னி இல்லன்னா இவரு அந்தோனியாருன்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழ பேர எழுதிப் போடுங்க சாமி."

"எழுத்து தெரிஞ்சவங்க இந்த ஊர்ல நாம ரெண்டு பேருதானே."

மேஸ்திரி சமாதானமாக ஒரு வழி சொன்னார். பன்றி முன்னால் நிற்கட்டும், அதன் முதுகுக்குப் பின்னால் மணியக்காரரின் தலை மட்டும் தெரியும்படி வைக்கலாம் என்றார். கால்செரான் அவரைப் பார்த்த பார்வையில், மேஸ்திரி வாயை மூடிக்கொண்டு ஒரு துணியால் பன்றியின் கரிக்கோட்டைத் துடைத்தார்.

கால்செரானுக்குப் பன்றி என்றால் ஏன் அவ்வளவு கசப்பு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவருடைய அப்பா ஊர்ப் பன்றிகளை ஓக் காட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போனவர். கால்செரானும் பன்னிரண்டு வயது வரை அப்பாவோடு அந்தக் காட்டில்தான் கிடந்தார். பிறகு பிரபுவின் குதிரை லாயம், அங்கிருந்து களஞ்சியம், களஞ்சியத்திலிருந்து மணியம். வீக் நகரத்துப் பத்திர எழுத்தர் ஒருவரின் மகள் வியோலாந்தைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாளிடம் தன் அப்பா ஆட்டு மந்தை வைத்திருந்தவர் என்று சொல்லியிருந்தார்.

படம் எழுத உட்கார்ந்தபோது அவர் போட்டுக்கொண்டு வந்தது பழுப்பு நிற அங்கி, கழுத்தைச் சுற்றி ரோமப்பட்டை. ஆள் ஏற்கெனவே குட்டை, கழுத்து கிடையாது, தலை வழுக்கை. முகத்தில் இருந்த மரு படத்தில் வரக்கூடாது என்றார். மயிர் வேண்டாம், ஆனால் வழுக்கை வழுக்கையாகத் தெரியக்கூடாது என்றார். முகம் இளமையாக, நல்ல செம்மையாக இருக்க வேண்டும் என்றார். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பன்றிக்காக வெள்ளையும் சிவப்புமாக ஒரு கிண்ணம் நிறையச் சாயம் ஏற்கெனவே அரைத்து வைத்திருந்தார், அதைக் கொட்ட அவருக்கு மனமில்லை. அது எனக்குத் தெரியும், சாயம் குழைக்க முட்டை உடைத்துக் கொடுத்தது நான். தபசு காலத்தில் முட்டை தின்னக்கூடாது என்று ஊரே நாக்கைக் கட்டிக்கொண்டிருக்க, அந்தோனியார் மட்டும் எங்கள் வீட்டுக் கோழிகளின் முட்டையை நாளுக்கு ஆறு என்று பூசிக்கொண்டிருந்தார்.

படம் அருமையாக வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. தங்க ரேக்கு ஒட்டிய வட்டம் தலைக்குப் பின்னால் மின்னிற்று. தாடி ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. காலடியில் மணியக்காரர் பழுப்பு அங்கியில், உருண்டையாக, ரோஜா நிறத்தில், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு.

அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்து, அடுத்த ஜனவரி பதினேழு, அந்தோனியார் திருநாளன்றுதான் திறந்தார்கள். மூன்று பள்ளத்தாக்குகளிலிருந்தும் சனங்கள் கழுதை, கோவேறு கழுதை, ஆடு, பன்றி எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். வாசலில் சாமியார் மிருகங்களை மந்திரித்து முடித்ததும் உள்ளே நுழைந்தவர்கள் வழக்கம்போல விரலில் கொழுப்போடு வரிசையில் நின்றார்கள். சன்னல் சிறியது, மெழுகுவர்த்திப் புகை வேறு. கண் பார்த்ததோ இல்லையோ, கை நூறு வருஷப் பழக்கத்தில் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. மணியக்காரரும் மனைவியும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே மலைக்காரன் ஒருவன் மணியக்காரரின் மூக்கில் கொழுப்பைத் தடவி, புதுப் பன்றி பழையதைவிட நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று பின்னால் நின்றவனிடம் சொன்னான். பின்னால் நின்றவன் ஆமாம், கழுத்தில் மயிர் கூட வைத்திருக்கிறார்கள் என்றான்.

தெரியாமல் தடவினவர்கள் பாதி. மீதிப் பாதி நன்றாகத் தெரிந்தே தடவினார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். நானும் அன்று ஒருமுறை தடவினேன்.

பிறகு கால்செரானால் தெருவில் நடக்க முடியவில்லை. அவர் தாண்டிப் போனதும் எந்தக் கதவுக்குப் பின்னாலிருந்தாவது ஓர் உறுமல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வேலையாக இருப்பார்கள். யாரைத் தண்டிப்பது? புனிதரின் படத்தைத் தொட்டது குற்றமா?

நாலாவது நாள் மதியம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் பீடத்துக்குப் பின்னால் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். கால்செரான் தனியாக உள்ளே வந்தார். அங்கிக்குள்ளிருந்து தோல் சீவுகிற கத்தி ஒன்றை எடுத்தார். தன்னைத்தானே சுரண்டி எடுத்துவிட வந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கத்தி நுனியைப் பலகையில் வைத்துவிட்டார், அப்போது கதவு முனகிற்று.

வந்தது கீஸ்லா. மேலே கரிமூட்டம் போடுகிற குடியிருப்பில் தனியாக இருப்பவள், இரண்டு கண்ணிலும் புரை. சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"யாருங்க அங்க? கோயில்பிள்ளைங்களா?"

கால்செரான் கத்தியை அங்கிக் கைக்குள் செருகிக்கொண்டு "ம்" என்றார்.

"புண்ணியமாப் போகும், என் கையப் புடிச்சு அந்தப் பன்னி மூக்குல வையுங்க. படத்த மாத்திட்டாங்களாமே, எனக்கு எடம் அம்புடல."

"இதுல பன்னி இல்லம்மா."

"நல்லா சொன்னீங்க. பன்னிய விட்டுட்டு அந்தோனியாரு எங்க போவாரு? அந்தா, பொகையாத் தெரியுதே. ரோசாக் கலர்ல, நல்ல கொழுத்த பன்னி."

கால்செரான் படத்தில் இருந்த தன் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய், பலகையில் இருந்த தன் மூக்கின் மேல் வைத்தார்.

கீஸ்லா அதைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

"சாமிப் பன்னியே, என் பன்னி நாலு நாளா வாய் வைக்கல. வயித்துல எட்டோ ஒம்போதோ குட்டி இருக்கு. வயிறு கல்லாக் கெடக்கு, பின்னால ஒண்ணும் வரல. நீயும் ஒரு பன்னிதானே, அந்தக் கஷ்டம் உனக்குத் தெரியும். எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல, அது ஒண்ணுதான். அந்தோனியாருகிட்ட சொல்லு. இன்னொண்ணு, அது பொழச்சா மணியக்காரன் கண்ணுல மட்டும் படவேண்டாம். அவன் கண்ணு பட்டா நல்லாருக்கிற பன்னியும் படுத்துரும்."

நான் விளக்குத் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கால்செரான் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கடைசியா என்ன தின்னுச்சு?"

"ஏங்க?"

"சொல்லும்மா."

"ஓக்குக் கொட்டதான். மழையில நனைஞ்சது."

"பூசணம் புடிச்சிருந்துச்சா?"

"கண்ணு தெரியாதவகிட்ட கேக்குறீங்களே."

"சரி. காது சில்லுன்னு இருக்கா, சுடுதா?"

"சில்லுன்னு இருக்கு."

அவர் தொண்டைக்குள் ஏதோ முனகிவிட்டு வெளியே போய்விட்டார். படத்தில் கீறல் ஒன்றும் விழவில்லை.

அடுத்த வாரம் கீஸ்லா ஒரு முழ நீளத்துக்கு உலர்ந்த பன்றித் தொத்திறைச்சியோடு வந்தாள், பன்றிக்குக் காணிக்கை என்று. குட்டி ஒன்பது, எல்லாம் உயிரோடு என்றாள். "அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உங்க வீட்டுக்காரரு மேல வந்துட்டாரு, சவுரீனா. ஆலிவ் எண்ணெயும் சூடான மோர்த்தண்ணியும் ஊத்தி, தொழுவத்துல உக்காந்து வயித்த நீவிவிட்டாரு. இடையில இடையில அதத் திட்டினாரு. அப்படி ஒரு அழகான திட்டு எங்கப்பா காலத்துக்கு அப்புறம் நான் கேக்கல."

என் புருஷன் எலியைக் கண்டாலே பீடத்தின் மேல் ஏறுகிறவர். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. தொத்திறைச்சியைப் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாங்களே அவித்துத் தின்றோம். புனிதர் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஒன்பது குட்டி என்றால் செய்தி நிற்குமா? புதுப் பன்றி பழையதைவிடச் சக்தியுள்ளது என்று பேச்சுப் பரவிற்று. வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நோயை உரக்கச் சொன்னார்கள். மணியக்காரருக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது. சனிக்கிழமை தோறும் கடைசி பெஞ்சில், தலையைக் குனிந்து, ஜெபமாலையோடு. சாமியார் கண்ணில் நீர் வராத குறை. நான் மட்டும் கவனித்தேன்: யார் வீட்டுப் பன்றிக்கு இருமல் என்று காதில் விழுந்ததோ, அந்த வீட்டுக்கு மறுநாள் தானியம் பார்க்கிற சாக்கில் போவார். தானியத்தைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் தொழுவத்தையும் எட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரனைச் சோம்பேறி என்று ஏசுவார். ஏசிக்கொண்டே அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொள்வார்.

ஒருநாள் வியோலாந்த் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"உள்ளதச் சொல்லு சவுரீனா. அடிக்கடி வெளிய போறாரு. வரும்போது நேரா கெணத்தடிக்குப் போறாரு. யாராவது பொம்பள இருக்காளா?"

"பொம்பளன்னு சொல்ல முடியாதும்மா," என்றேன். "ஒம்போது குட்டி போட்டவ."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ஆட்டு மந்தைக் கதைதான் தெரியும்.

ஈஸ்டர் கழிந்து ஆயரின் பிரதிநிதி கோயில்களைப் பார்வையிட வந்தார், ஒல்லியான மனிதர், கூட ஓர் எழுத்தர். திருமுழுக்குத் தொட்டியை எட்டிப் பார்த்தார், துணிகளை எண்ணினார், என் எலிப்பொறியைக் கூட விசாரித்தார். பிறகு படத்துக்கு முன்னால் வந்து நின்றார். கைகட்டிக்கொண்டு சாமியாரும் மணியக்காரரும் பின்னால். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் வந்து, பெரிய மனிதர்களை விலக்கிக்கொண்டு போய், காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்.

"பெரியவரே, யார் மூக்குல தடவுறீங்க?" என்றார் பிரதிநிதி.

"பன்னி மூக்குலங்க."

"எனக்கு மனுஷன் மாதிரி தெரியுதே."

"தூரத்துல இருந்து வந்திருக்கீங்க, அதான்," என்றார் கிழவர்.

பிரதிநிதி பலகைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். அதே பழுப்பு அங்கி, அதே ரோமப்பட்டை, அதே முகம், மரு மட்டும் கூட. கோயிலில் அப்போது முப்பது பேராவது இருந்தோம். வியோலாந்த் அம்மாள் தன் பெஞ்சில் இருந்தார்.

"இது நீங்களா?"

நன்கொடை, காணிக்கை, பக்தி என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம், கால்செரானுக்கு வாய் இல்லாமல் இல்லை.

"ஆமாங்க," என்றார். "நாந்தான் அந்தப் பன்னி."

யாரும் சிரிக்கவில்லை. அவரே மேலும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எங்கப்பா இந்த ஊர்ப் பன்னி மேச்சவரு. நானும் மேச்சிருக்கேன். இவங்க வந்து நோவு சொன்னாங்க. எனக்கு வைத்தியம் தெரிஞ்சிருந்துச்சு. போனேன். அவ்வளவுதான். அற்புதம் ஒண்ணும் நடக்கல."

அதைக் கேட்டதும் கீஸ்லா மட்டும் இருந்த இடத்திலிருந்து, "அப்ப அன்னிக்கு நான் பேசினது?" என்று மெல்லக் கேட்டாள்.

வியோலாந்த் அம்மாள் எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

உயிரோடிருக்கிற ஒருவன், அதுவும் மணியக்காரன், கோயிலில் தடவப்படக்கூடாது என்று பிரதிநிதி எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த உருவத்தை எடுத்துவிட்டு, முறைப்படி அங்கே இருக்க வேண்டிய மிருகத்தை வைக்க வேண்டும். நாங்கள் வருத்தப்பட்டோம். நன்றாக வேலை செய்கிற பன்றியை யாராவது மாற்றுவார்களா?

பெரோட் மேஸ்திரி மறுபடி வந்தார், முட்டை மறுபடி போயிற்று. அவர் சாயம் குழைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் மணிச் சத்தம். ஊர்ப் பொதுவில் வளர்கிற அந்தோனியார் பன்றியை, கழுத்து மணியோடு, கால்செரான் கயிறு கூடப் போடாமல் ஓக்குக் கொட்டையைக் காட்டிக் காட்டிக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு வந்தார். மனத்தில் இருந்து வரைந்தால் சரியாக வராது, பார்த்து வரையுங்கள் என்றார். பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டு அசையாமல் நிறுத்தினார். தன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைவதை அவர் பார்க்கவே இல்லை, பன்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது அப்படித் தொங்காது மேஸ்திரி. அது நோவு வந்த பன்னிக் காது."

மேஸ்திரி திருத்தினார்.

"முதுகுல இன்னும் கொஞ்சம் சதை போடு. பாக்குறவன் நம்மூர்ல பஞ்சம்னு நெனைக்கப் போறான்."

மேஸ்திரி மறுபடி திருத்தினார். ஆனால் கூப்பிய கைகளை அழிக்கிற அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. அவற்றின் மேலேயே முன்னங்கால்களைப் போட்டுவிட்டார். அதனால் எங்கள் பன்றி பின்னங்காலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாங்கள் அதன் மூக்கைத் தடவுகிறோம்.

சாயங்காலம் ஆகும்போது வியோலாந்த் அம்மாள் வந்து வாசலில் நின்றார். பதினைந்து நாளாக அவர் புருஷனோடு பேசவில்லை என்று வேலைக்காரி சொல்லியிருந்தாள். புருஷன் தரையில், மடியில் பன்றியின் தலை, ரோமப்பட்டை முழுக்க வைக்கோல்.

"ஏங்க," என்றார் அந்த அம்மாள். "அந்த அங்கியவாவது கழட்டிட்டு உக்காரக் கூடாதா?"

அவர் அவசரமாக எழுந்து அங்கியைக் கழற்றினார். அந்த அம்மாள் அதை இரண்டு விரலால் வாங்கி, வெளியே உதறி, கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். போகவில்லை. மேஸ்திரி தூரிகையைக் கழுவும் வரைக்கும் படியில் நின்றார்.

கால்செரான் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆடியிலும் எங்கள் களத்துக்கு அதே மரக்காலோடுதான் வந்தார், அதே கணக்கில்தான் அளந்தார், என் கோழிகளில் நல்ல இரண்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னாலிருந்து உறுமுவதை மட்டும் ஊர் விட்டுவிட்டது. பன்றிக்கு நோவு என்றால் இப்போது படத்தில் மூக்கைத் தடவிவிட்டு, அங்கிருந்து நேராக அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

பன்றியை வரைந்து முடித்த அன்று சாயங்காலம் புருஷனும் பெண்சாதியும் கோயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனார்கள். அந்தோனியார் பன்றி அவர்கள் பின்னாலேயே போயிற்று. போ, போ என்று அவர் கையை வீசினார். அது நிற்கும், அவர் திரும்பியதும் மறுபடி நடக்கும். தெருமுனை வரை மணிச் சத்தம் கேட்டது. வீட்டு வாசலில் வியோலாந்த் அம்மாள் கதவைத் திறந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து ஒரு சட்டியில் கஞ்சியோடு வெளியே வந்து, அதைப் படியில் வைத்தார்.